கிரானைட் ஏற்றும் முன் ஆக்சிலைப் பாருங்க

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கிரானைட் பிளாக் ஏற்றுபவர்கள் மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீங்க, லாரியின் எந்த ஆக்சிலில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதுதான் முக்கியம். 2018-இல் விதி மாறியபோது நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆனது, எட்டு டயர் உள்ள இரட்டை ஆக்சிலுக்கு 19-லிருந்து 21 டன்.

கிரானைட் ஒரு கன மீட்டரே சுமார் 2.7 டன் வரும். சின்ன இடத்தில் மொத்தப் பாரமும் உட்கார்ந்துவிடும். அதனால் பாரத்தின் நடுப்புள்ளி பின் ஆக்சில்களுக்குச் சற்று முன்னால் விழுகிற மாதிரி பிளாக்கை வையுங்க. பின்னால் தள்ளிப் போனால் முன் சக்கரத்தில் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும், வளைவில் அது உயிர் விஷயம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? எடை மேடையில் முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பாருங்க, அப்புறம் முழு வண்டி. கழித்தால் பின்பக்கக் கணக்கு வந்துவிடும்.

லிஃப்ட் ஆக்சில் (வண்டி காலியாக இருக்கும்போது மேலே தூக்கி வைக்கக்கூடிய ஆக்சில்) இருந்தால் லோடு ஏற்றியதும் கட்டாயம் இறக்கிவிடுங்க. தூக்கியே வைத்து ஓட்டினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் உதவாது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மற்ற பிரேக்குகளே எல்லாச் சூட்டையும் வாங்கும். ஜோடி டயர்களில் காற்று சமமாக இருக்கட்டும், ஒன்றில் குறைந்தால் பக்கத்து டயர்தான் அந்தப் பாரத்தையும் சுமக்கும். நடுவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிட்டுக் கிளம்புங்க.