காதல் முறிவில் ஒரு கதாபாத்திரம் வளர்வதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதை எழுதும் நண்பர்கள் படித்துப் பார்க்கச் சொல்லித் தரும் பிரதிகளில் காதல் முறிவு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காதலர்கள் பிரிகிறார்கள், நாயகி இரவெல்லாம் அழுகிறாள், அடுத்த அத்தியாயம் 'மூன்று வருடங்களுக்குப் பிறகு' என்று தொடங்குகிறது. இப்போது அவள் முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், பதவி உயர்வு வாங்கியிருக்கிறாள், யாரிடமும் பயமில்லாமல் பேசுகிறாள். சரி, எப்படி மாறினாள்? நான் படிக்க உட்கார்ந்ததே அந்த மூன்று வருடத்தைத்தான். அதைத் தாண்டிக் குதித்துவிட்டால், அதே பெயரில் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல ஆகிவிடுகிறது.

இந்தத் தவறின் வேர் இன்னும் முன்னால் இருக்கிறது. பிரிவதற்கு முன்பு அவளிடம் என்ன குறை இருந்தது என்பதையே பலர் யோசிப்பதில்லை. நல்லவளாகவே இருந்தவள் எதிலிருந்து வளர்வாள்? ஒரு பெண் நான்கு வருடமாக அவன் என்ன சொல்கிறானோ அதையே சாப்பிட்டுப் பழகியவள் என்று வையுங்கள். பிரிந்த வாரம் தனியாக ஓட்டலுக்குப் போகிறாள். சர்வர் வந்து நிற்கிறார். "என்னம்மா வேணும்?" "எதுனாலும் சரி." "எதுனாலும்னு ஒண்ணு இல்லம்மா, சொல்லுங்க." அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, எழுந்து வெளியே வந்துவிடுகிறாள். இரண்டு அத்தியாயம் கழித்து அதே மேசையில் உட்கார்ந்து, "ரவா தோசை, நல்லா முறுகலா. லேட்டானாலும் பரவாயில்லை" என்கிறாள். எனக்கு இது போதும். 'நான் என்னையே தொலைத்திருந்தேன்' என்று அவள் ஒரு பக்கத்துக்குப் புலம்ப வேண்டியதில்லை.

அடுத்தது, பிரிந்து போனவரை வில்லனாக்குவது. பழி முழுவதையும் அவர் தலையில் போட்டுவிட்டால், மிஞ்சியவர் திருந்துவதற்கு ஒன்றும் இருக்காது. இதில் சிலப்பதிகாரத்தை மிஞ்சிய பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. புகார்க் கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரி என்ற கடற்கரைப் பாட்டைக் கேட்டு, அவள் மனம் வேறொருவன் மேல் போய்விட்டதாக நினைத்துக் கோவலன் பிரிகிறான். தாழை மடலில் அவள் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தை, ஆடல்மகள்தானே, இதுவும் நடிப்பு என்று மறுத்துவிடுகிறான். அதே கோவலனுக்கு மதுரைக்குப் போகும் வழியில், கோசிகன் என்ற அந்தணன் கையில் அவளுடைய இரண்டாவது கடிதம் வருகிறது. அதன் மண் முத்திரையில் அவள் கூந்தல் எண்ணெயின் வாசம். சேர்ந்து வாழ்ந்த நாட்களின் அந்த வாசத்தை உணர்ந்தவனால் ஓலையைக் கைவிட முடியவில்லை. பிரித்துப் படித்ததும், 'தன்தீது இலள்', அவள் மேல் குற்றமில்லை என்று தெளிகிறான், நடந்தது 'என்தீது' என்று உணர்கிறான்.

இளங்கோவடிகள் ஒரே சூழ்நிலையை இரண்டு முறை வைக்கிறார். கடிதம் எழுதியவள் மாறவில்லை, வாசிப்பவன் மாறியிருக்கிறான். இடையில் அவன் கண்ணகியின் சிலம்போடு ஊரை விட்டுக் கிளம்பி, காடும் வெயிலும் கடந்து நடந்திருக்கிறான். உங்கள் கதையிலும் பழைய சூழ்நிலையை ஒருமுறை திரும்பக் கொண்டுவாருங்கள். மாற்றம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

புதுக் காதலைப் பரிசாகக் கொடுத்து முடிப்பதும் வேண்டாம், அது பழைய பள்ளத்தை மூடி மட்டும் போடுகிறது. அப்புறம், ஏறுமுகமாகவே எழுதாதீர்கள். ஆறு மாதம் தெளிவாக இருந்தவள், ஒரு நள்ளிரவில் அவனுடைய பழைய வாட்ஸ்அப் குரல்பதிவைப் போட்டுக் கேட்கலாம். கேட்கட்டும்.

கடைசியாக, பழைய காதலன் திரும்பி வந்து நிற்க, நாயகி அவன் முகத்துக்கு நேரே பேசும் அந்த நீண்ட வசனம். கை தட்டல் கிடைக்கும்தான், ஆனால் அவள் இன்னமும் அவன் கவனத்துக்காகத்தான் பேசுகிறாள். கோவலன் மாதவியைத் தேடி ஓடவில்லை. மன்னிப்புக் கேட்டு அவள் எழுதிய வாசகம், தான் விட்டுவந்த பெற்றோரிடம் தானே சொல்ல வேண்டியதாகவும் இருப்பதைப் பார்க்கிறான். அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லிக் கோசிகனை அனுப்பிவிட்டு, மதுரைக்கு நடக்கிறான்.