கருப்பட்டியும் உப்பும் சேர்ந்த பாப்கார்ன்

குமரி மாவட்டத்துச் சமையலறைகளில் தேங்காய் எண்ணெயும் கருப்பட்டியும் பெரும்பாலும் இருப்பதால், இனிப்பும் உப்பும் கலந்த பாப்கார்னுக்குக் கடையில் வாங்க வேண்டியது பாப்கார்ன் சோளம் மட்டுமே. அவித்துத் தின்னும் மக்காச்சோளம் இதற்கு உதவாது. கெட்டியான தோலும் உள்ளே ஏறத்தாழ 14 சதவீத ஈரமும் கொண்ட தனி வகையே, 180 டிகிரி செல்சியஸ் அளவில் நீராவியின் அழுத்தத்தால் வெடித்து மலரும்.

நால்வருக்கு 100 கிராம் சோளம் போதும். அடிகனமான பாத்திரத்தில் 3 மேசைக்கரண்டி எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி, மூன்று மணிகளைப் போட்டுப் பார்த்து, அவை வெடித்த பிறகு மீதியைப் பரப்பி, நீராவி வெளியேறும்படி மூடியைச் சற்றே சாய்த்து வையுங்கள். இறுக மூடினால் பொரி நமுத்துவிடும். சத்தம் ஓய்ந்து வரும்போது இறக்கி, பொரியாத மணிகளை நீக்கிவிடுங்கள்.

பாகுதான் பொறுமையைக் கேட்கும். 100 கிராம் கருப்பட்டியைக் கால் கப் நீரில் கரைத்து, மண் இருக்கக்கூடுமாதலால் கட்டாயம் வடிகட்டி, சிறுதீயில் காய்ச்சுங்கள். குளிர்ந்த நீரில் விட்ட சொட்டு கடலைமிட்டாய்ப் பாகுபோல ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காய வேண்டும். அரைத் தேக்கரண்டி தூளுப்பும், என்னைக் கேட்டால் ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் சேர்த்து, பொரியின்மேல் ஊற்றி மரக்கரண்டியால் விரைந்து கிளறுங்கள். பாகின் சூடு தணியும்வரை குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்து ஈரக்காற்றில் பொரி விரைவில் பிசுபிசுக்கும் என்பதால், ஆறியவுடன் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.