குட்டி இளவரசியோடு ரெனசான்ஸ் திருவிழாவுக்கு

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, டாட் மிஷன் என்ற ஊரில் 1974 முதல் நடக்கிறது டெக்சாஸ் ரெனசான்ஸ் திருவிழா. பழைய ஐரோப்பிய ராஜா ராணி கால உடையில் மக்கள் கூடும் விழா இது. வேஷம் போட்ட சின்னக் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் முதலில் கவுனின் நீளத்தைப் பாருங்கள். நடக்கும் பாதையெல்லாம் மண்ணும் புழுதியும்தான். தரையில் புரளும் கவுன் அரை மணி நேரத்தில் அழுக்காகிவிடும், குழந்தையும் தடுக்கி விழும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வரும்படி மடித்து, பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். திரும்பி வந்ததும் நூலை உருவிவிடலாம். ஊக்கு மட்டும் வேண்டாம், குத்தும்.

அக்டோபரிலும் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் உள்ளே மெல்லிய பருத்தி பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுவிடுங்கள். "அம்மா, குத்துது" என்று சிணுங்க ஆரம்பித்தால் கவுனைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சுற்றலாம். காலுக்குப் பழகிய ஷூவே போதும். முதுகில் நாடா கோத்துக் கட்டும் உடை கழிப்பறை அவசரத்துக்கு ஆகவே ஆகாது.

பையனுக்கு வாள் வேண்டுமா? இத்தகைய திருவிழாக்களில் உருவ முடியாதபடி வாளை உறையோடு சேர்த்துக் கட்டச் சொல்வது வழக்கம். அதை வீட்டிலேயே சொல்லிக் கட்டிவிட்டால் வாசலில் அழுகை இருக்காது.

அப்புறம், உள்ளே நுழையும்போதே அந்த உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் குழந்தை தவறிப்போனால் காட்ட உதவும், ஏனென்றால் அதே மாதிரி கவுனில் இன்னும் பல குழந்தைகள் வரும். உங்கள் போன் நம்பரைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதி, ஸ்லீவை இறக்கிவிடுங்கள்.