எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட்) கைக்கு வந்தாச்சு, சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடி அதை எப்படி படிக்கணும்? (ஸ்டெப் பை ஸ்டெப்)

வெளிநாட்டு பார்ட்டி "எல்சி ஓபன் பண்ணிட்டோம்"னு மெயில் போட்டதும் பணமே வந்துட்ட மாதிரி நிறைய பேர் பேக்கிங் ஆரம்பிச்சிடுறாங்க. எல்சிங்கிறது பணம் இல்லைங்க, நிபந்தனை போட்டு ஒரு பேங்க் குடுக்கிற வாக்கு, அவ்ளோதான். கேட்ட பேப்பரெல்லாம் கேட்ட மாதிரியே, கேட்ட தேதிக்குள்ள குடுத்தா பணம், ஒண்ணு பிசகினாலும் அவங்க "முடியாது"ன்னு சொல்லலாம். சரக்கு நல்லா இருந்துச்சா இல்லையான்னு பேங்க் எட்டிக்கூட பாக்காது, யுசிபி 600-ல 5-வது ஆர்ட்டிகிள் சொல்றதே அதுதான். (எல்சிக்குன்னு இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் காமர்ஸ் போட்ட ரூல்ஸ் அது, 2007 ஜூலை 1-லேருந்து நடைமுறையில இருக்கு, மொத்தமே 39 ஆர்ட்டிகிள்தான், உக்காந்து ஒருதடவை படிச்சிடுங்க.)

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போடறதெல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா மேட்டருக்கு வரேன்.

ஸ்டெப் 1: பிரின்ட் எடுங்க

ஸ்க்ரீன்ல படிக்காதீங்க, கண்ணு தாண்டிப் போயிடும். பேப்பர்ல எடுத்து, நாம செய்ய வேண்டியதுக்கு ஒரு கலர், வேற ஆளு செஞ்சு தர வேண்டியதுக்கு இன்னொரு கலர்னு கோடு போடுங்க. இதுக்குன்னு காசு வாங்குற சாஃப்ட்வேரெல்லாம் இருக்கு, எப்பவாவது ஒரு எல்சி பாக்குறவங்களுக்கு அது தண்டம், தேதிகளுக்கு மட்டும் ஒரு எக்செல் ஷீட் போதும். எல்சி பெரும்பாலும் ஸ்விஃப்ட்ல (பேங்குகள் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்புற நெட்வொர்க்) எம்டி 700-ங்கிற ஃபார்மட்ல வரும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் இருக்கும், கீழ அந்த நம்பரை வச்சுத்தான் சொல்லப்போறேன்.

ஸ்டெப் 2: பேரும் தொகையும்

50 வாங்குறவர், 59 நாம. கம்பெனி பேரு எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும். அட்ரஸ்ல சின்ன வித்தியாசம் இருந்தா பதறாதீங்க, அதே நாடா இருந்தா போதும்னு ரூல்லயே இருக்கு. ஆனா வாங்குறவரோட அட்ரஸ் பில் ஆஃப் லேடிங்ல (சரக்கு வாங்கிக்கிட்டதுக்கு கப்பல் கம்பெனி குடுக்கிற பேப்பர்) கன்சைனியாவோ (சரக்கு யாருக்குப் போகுதோ அவர்) நோட்டிஃபை பார்ட்டியாவோ (சரக்கு வந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர்) வந்தா, அங்க மட்டும் எல்சில இருக்கிற மாதிரியே இருக்கணும்.

32பி-ல தொகை. அளவுக்கு முன்னாடி "அபவுட்"னு போட்டிருந்தா கூடக்குறைய 10% வரைக்கும் போகலாம், ஆனா அந்த வார்த்தை எதுக்கு முன்னாடி நிக்குதோ அதுக்கு மட்டும்தான். அளவுக்குப் போட்டுட்டு தொகைக்குப் போடலைன்னா, சரக்கை அதிகமா ஏத்தலாம், பணத்தை அதிகமா கேக்க முடியாது.

ஸ்டெப் 3: தேதி (இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, மெதுவா படிங்க)

மூணு தேதி இருக்கு. 44சி: சரக்கு ஏத்த கடைசி நாள். 31டி: எல்சி காலாவதி ஆகுற நாள். 48: சரக்கு ஏத்துனதுக்கு அப்புறம் எத்தனை நாளுக்குள்ள பேப்பரை குடுக்கணும்ங்கிறது. 48-ல ஒண்ணும் சொல்லலைன்னா ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்குக்கு 21 நாள்னு யுசிபி எடுத்துக்கும். இந்த 21 நாளும் காலாவதி தேதியும், எது முன்னாடி வருதோ அதுதான் உங்க கெடு.

கணக்கு போட்டே காட்டுறேன். 44சி ஜூன் 30, 31டி ஜூலை 15. ஜூன் 20-ஆம் தேதி கப்பல்ல ஏறிடுச்சுன்னா 21 நாள் ஜூலை 11-ல முடியுது, அதுதான் கெடு. ஜூன் 28-ல ஏறுச்சுன்னா 21 நாள் ஜூலை 19 வரைக்கும் வருது, ஆனா எல்சியே 15-ல செத்துடுது, அதனால 15. ஏத்துன தேதின்னா கன்டெய்னர் போர்ட் கேட்டுக்குள்ள போன நாள் இல்ல, பில் ஆஃப் லேடிங்ல "ஆன் போர்டு"ன்னு இருக்கிற தேதி. கப்பல் ஒரு வாரம் லேட்னா ஏத்துன தேதியும் அதோட நகரும்.

31டி-ல தேதி பக்கத்துலயே ஒரு ஊர் இருக்கும், அதை யாரும் பாக்குறதே இல்ல. வாங்குறவர் நாட்டுல இருக்கிற பேங்க்லதான் காலாவதின்னு இருந்தா, அந்த தேதிக்குள்ள பேப்பர் உங்க பேங்க்ல இருந்தா பத்தாது, அங்க போய் சேர்ந்திருக்கணும். கூரியர் போற நாளெல்லாம் உங்க தலையில. முடிஞ்சா உங்க நாட்டுலயே காலாவதி ஆகுற மாதிரி கேட்டு வாங்குங்க.

ஸ்டெப் 4: 46ஏ, 47ஏ

46ஏ பேப்பர் லிஸ்ட், 47ஏ எக்ஸ்ட்ரா கண்டிஷன். ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரே கேள்விதான்: இதை யார் கையெழுத்து போட்டு குடுக்கணும், அந்த ஆளு முடியாதுன்னா நான் என்ன பண்றது? "வாங்குறவரோட ஆள் கையெழுத்து போட்ட இன்ஸ்பெக்ஷன் சர்டிஃபிகேட்"னு இருந்தா அந்த எல்சி பாதி செத்த எல்சின்னு நினைச்சுக்கோங்க, ஏன்னா மார்க்கெட்ல விலை இறங்கினா அந்த கையெழுத்து வரவே வராது. அதுக்குப் பதிலா ரெண்டு பேருக்கும் பொதுவான இன்ஸ்பெக்ஷன் கம்பெனி சர்டிஃபிகேட்னு மாத்தச் சொல்லுங்க. இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இன்வாய்ஸ்ல சரக்கோட விவரம் 45ஏ-ல இருக்கிறதோட ஒத்துப்போகணும், நான் அப்படியே காப்பி பேஸ்ட்தான், அதுல ஸ்பெல்லிங் தப்பா இருந்தாலும் சேர்த்து. மத்த பேப்பர்ல பொதுவா எழுதலாம், முரண்படாம இருந்தா சரி.

ஸ்டெப் 5: இன்கோடெர்ம்ஸோட (எந்த செலவு, ரிஸ்க் யாருக்குன்னு சொல்ற வியாபார விதிகள்) ஒத்துப்போகுதா?

விலை எஃப்ஓபி-ல (சரக்கைக் கப்பல்ல ஏத்துற வரைக்கும்தான் நம்ம பொறுப்பு) பேசிட்டு, எல்சி இன்ஷூரன்ஸ் பாலிசி கேட்டா அது உங்க செலவு இல்ல, அந்த கண்டிஷனை நீக்கச் சொல்லுங்க. சிஐஎஃப்னா (கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த விலை) எல்சி வேற அளவு சொல்லாத வரைக்கும் விலையில குறைஞ்சது 110%-க்கு இன்ஷூரன்ஸ் இருக்கணும். கன்டெய்னர் சரக்குன்னா எஃப்ஓபி-யை விட எஃப்சிஏ-தான் (பேசின இடத்துல கேரியர்கிட்ட சரக்கை ஒப்படைக்கிறது) பொருத்தம், சொன்னா யாரும் கேக்குறதில்ல.

ஸ்டெப் 6: மாத்தணும்னா இப்பவே

திருத்தம் கேக்குறதா இருந்தா சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடி கேளுங்க. கப்பல் கிளம்பிட்டா அப்புறம் வாங்குறவர் வச்சதுதான் சட்டம். கேக்குறதை எல்லாம் ஒரே மெயில்ல கேளுங்க, தவணை முறையில கேட்டா ஒவ்வொண்ணுக்கும் பேங்க் சார்ஜ் எகிறும்.

அப்டேட்: கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தார், அமெண்ட்மெண்ட்ல (திருத்தம்) மூணு மாத்தம் வந்திருக்கு, ரெண்டு ஓகே, ஒண்ணு வேணாம், என்ன பண்றதுன்னு. பாதி மட்டும் ஏத்துக்க முடியாதுங்க, அப்படி சொன்னா மொத்தத்தையும் வேணாம்னு சொன்னதா ஆகிடும். திருப்பி அனுப்பி வேற அமெண்ட்மெண்ட் வாங்கணும்.

அப்டேட் 2: காலாவதி நாள் பேங்க் லீவா இருந்தா? அடுத்த வேலை நாள் வரைக்கும் நீளும். ஆனா சரக்கு ஏத்துற கடைசி தேதி அதோட சேர்ந்து நீளாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அப்டேட் 3: "டிஸ்க்ரெபன்சி" (பேப்பர்ல குறை இருக்கு)ன்னு பேங்க் திருப்பி அடிச்சிட்டா எல்லாம் முடிஞ்சு போச்சான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இல்ல. பேப்பர் கைக்கு வந்த மறுநாள்லேருந்து அவங்களுக்கு 5 பேங்க் வேலை நாள்தான் டைம், வேணாம்னு சொன்னா ஒரே நோட்டீஸ்ல எல்லா குறையையும் எழுதணும், அப்புறமா புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு வர முடியாது. உங்க கெடுவுக்குள்ள இன்னும் நாள் இருந்தா சரி பண்ணி மறுபடி குடுக்கலாம், அதனாலதான் பேப்பரை கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்கன்னு சொல்றது. கெடு தாண்டிடுச்சுன்னா வாங்குறவர் "பரவால்ல, ஏத்துக்கிறேன்"னு சொல்லணும், பேங்கும் அதுக்கு ஒத்துக்கணும், அதுவரைக்கும் பணம் வராது, விலையில தள்ளுபடி கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க.