சலூனில் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா?

முதலில் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய் முடி வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் நாலைந்து நாள், வெட்ட முடி இல்லாவிட்டாலும், அந்த பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படியுங்கள். யார் கடன் சொல்லி ஷேவிங் செய்துகொள்கிறார், எந்தப் பெரியவர் சும்மா ஃபேனுக்குக் கீழே உட்காரவே தினமும் வருகிறார் என்பதெல்லாம் தெரியும். ஹாஸ்டலில் எழுதிய திரைக்கதையில் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

படப்பிடிப்புக்குச் செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள், நம்மூரில் பல சலூன்களுக்கு அன்றுதான் லீவு. லீவை விட்டுவிட்டு வருகிற சலூன் அண்ணனுக்கு ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். "படத்துல பேர் போடுறோம்ணே" என்பது கூலி ஆகாது.

கண்ணாடிதான் தலைவலி. எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி இருந்தால் எங்கே நின்றாலும் மைக் பிடிக்கிற நண்பனின் சட்டை தெரியும். எங்கள் படத்தில் நாங்கள் பின்சுவரில் பெரிய காலண்டரை மாட்டித் தப்பித்தோம். முன்கண்ணாடியை மறைக்காதீர்கள். கேமராவை ஓரமாக வைத்து பிம்பத்தையே எடுத்தால் வெட்டுபவர், உட்கார்ந்திருப்பவர் இரண்டு முகமும் ஒரே ஃபிரேமில் கிடைக்கும். படத்தில் டியூப்லைட் துடிக்காமலிருக்க, கேமராவில் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்று வையுங்கள்.

வெட்டிய முடி ஒட்டாது. இதை மறந்துதான் எங்கள் ஹீரோ மூன்றாவது டேக்கில் கிட்டத்தட்ட மொட்டை ஆனான். காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுங்கள், நிஜமாக வெட்டுவதை ஒரே டேக்கில் வைடாக, ஆள் முழுதும் தெரிய எடுத்துவிட்டு, குளோஸப்புக்குச் சீப்பை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள்.

ஒலிக்கு ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. ரேடியோவையும்தான், பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூபில் காப்புரிமைப் புகார் வந்து நிற்கும். டிரிம்மர், தண்ணீர் ஸ்பிரே, தாடையில் படிகாரம் தேய்ப்பது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கத்தரியைக் கவனித்திருக்கிறீர்களா? முடியைத் தொடாத நேரத்திலும் அது சும்மா இருக்காது, காற்றில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போகும். என்னைக் கேட்டால் படத்தின் தாளமே அதுதான்.

அண்ணனுக்கு வசனம் எழுதித் தராதீர்கள். முடி வெட்டுகிறவர் என்றாலே காமெடி என்று எழுதிப் பழகிய கையை அடக்கி, அவரை வெட்டவும் பேசவும் விடுங்கள்.

தரையில் விழுந்த முடியை நடுவில் பெருக்கிவிடாதீர்கள், அடுத்த ஷாட்டுக்கு அது அதே இடத்தில் கிடக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொன்னதும் துடைப்பத்தை எடுக்க வேண்டியது நீங்கள்தான், அண்ணன் இல்லை.