டிசபிலிட்டி நிலுவைப் பணம், வக்கீல் ஃபீஸ்: அமெரிக்க வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டி (உடம்பு முடியாமல் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) கேஸ் ஜெயித்து, இரண்டு மூன்று வருட நிலுவை மொத்தமாக வந்திருக்கிறதா? வக்கீலுக்குப் போன பணத்துக்கும் நாமே வரி கட்ட வேண்டுமா என்ற கேள்வி உடனே வரும். என் அண்ணனுக்கு நான்தான் தாக்கல் செய்து கொடுத்தேன், அந்த வழியை அப்படியே எழுதுகிறேன். வருடா வருடம் வருமான வரிக்குப் போடும் 1040 ஃபார்ம் நிரப்பத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எஸ்எஸ்ஏ-1099ஐ எடுங்கள்

பேங்க் ஸ்டேட்மென்ட்டை மூடி வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் ஜனவரியில் அனுப்பும் இந்தத் தாளில் பாக்ஸ் 5ல் உள்ள தொகைதான் கணக்கு. பேங்கில் விழுந்த பணத்தைவிட அது பெரிதாக இருக்கும், பதற வேண்டாம். பாக்ஸ் 3க்குக் கீழே பாருங்கள்: கையில் கொடுத்தது, மெடிகேர் பிரீமியம், வக்கீல் ஃபீஸ் என்று பிரித்திருப்பார்கள். வழக்கமான ஒப்பந்தப்படி ஃபீஸ் நிலுவையில் 25 சதவீதம், 2024 நவம்பர் 30 முதல் அதிகபட்சம் 9,200 டாலர். அதை அவர்களே பிடித்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டாலும், சட்டப்படி அது உங்கள் கைக்கு வந்த பணம்தான். பாக்ஸ் 5 தொகையை முழுசாக 1040ல் 6ஏ வரிசையில் எழுதுங்கள்.

படி 2: ஃபீஸைக் கழிக்கலாமா?

ஃபெடரல் வரியில் முடியாது. 2017 வரை ஷெட்யூல் ஏ-வில், வருமானத்தின் 2 சதவீதத்துக்கு மேல் போகும் இதர செலவுகளோடு சேர்த்து, உதவித்தொகையில் வரிக்கு உட்படும் பங்குக்கு ஏற்ற ஃபீஸை மட்டும் கழிக்க முடிந்தது. 2018ல் அதை நிறுத்திவைத்தார்கள், 2025ல் வந்த சட்டம் நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. இணையத்தில் இன்னும் பழைய கட்டுரைகள்தான் முதலில் வருகின்றன, தேதி பார்த்துப் படியுங்கள். வேலையில் பாகுபாடு காட்டியதாகப் போடும் வழக்குகளின் ஃபீஸைக் கழிக்கத் தனி விதி உண்டு, அது இந்தக் கேஸுக்குப் பொருந்தாது. உடம்பு முடியாதவர் தொட்டுக்கூடப் பார்க்காத பணத்தை அவர் வருமானத்தில் சேர்ப்பது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

படி 3: நிலுவையை அந்தந்த வருடத்துக்குப் பிரியுங்கள்

என் நேரமெல்லாம் போனது இங்கேதான், உண்மையில் பணம் மிஞ்சுவதும் இங்கேதான். ஃபீஸைக் கழிக்க முடியாவிட்டாலும், பழைய வருடங்களுக்கான பணத்தை அந்த வருடங்களில் வாங்கியதுபோல வைத்துக் கணக்கிட ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித் துறை) அனுமதிக்கிறது.

ஒரு உதாரணம். தனி நபர், 2025ல் பாக்ஸ் 5ல் 60,000 டாலர். அதில் 2023, 2024, 2025 ஒவ்வொன்றுக்கும் 20,000. எல்லா வருடமும் வேறு வருமானம் 14,000. அப்படியே போட்டால், உதவித்தொகையில் பாதி 30,000, அதோடு 14,000, ஆக 44,000. இந்தக் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் உதவித்தொகைக்கு வரி வரும்: தனி நபருக்கு முதல் வரம்பு 25,000, இரண்டாவது 34,000. இரண்டையும் தாண்டிவிட்டதால் உதவித்தொகையில் 13,000 டாலர் வரிக்குள் வந்துவிடும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 போக, வரி சுமார் 1,125 டாலர்.

பிரித்துப் போட்டால்? ஒவ்வொரு வருடமும் பாதி 10,000, அதோடு 14,000, வெறும் 24,000. வரம்புக்குள்ளேயே நிற்கிறது. வரி பூஜ்யம்.

இதற்கு ஐஆர்எஸ் பப்ளிகேஷன் 915ல் ஒர்க்‌ஷீட் இருக்கிறது. முதலில் 1ஐப் போடுங்கள், ஒவ்வொரு பழைய வருடத்துக்கும் 2ஐ, கடைசியில் 4ஐ. எந்த வருடத்துக்கு எவ்வளவு என்பது எஸ்எஸ்ஏ-1099ல் பாக்ஸ் 3க்குக் கீழேயே இருக்கும். பழைய ரிட்டர்ன்களும் கையில் வேண்டும், ஆனால் அவற்றைத் திருத்தித் தாக்கல் செய்யக் கூடாது. எல்லாம் இந்த வருட ரிட்டர்னிலேயே முடியும்.

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி, நான் முதலில் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்வேன். மொத்தமாக நிலுவை வந்ததா என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிட்டால் எல்லாம் ஒரே வருட வருமானமாகிவிடும்.

படி 4: 6சி கட்டத்தில் டிக் போடுங்கள்

ஒர்க்‌ஷீட் 4ல் வரும் தொகை குறைவாக இருந்தால் மட்டும் அதை 6பி வரிசையில் எழுதி, 6சி-யில் டிக் செய்யுங்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் வரம்பு 32,000, 44,000. துணைவரின் சம்பளம் பழைய வருடங்களிலும் நன்றாக இருந்திருந்தால் பிரிப்பதில் வரி கூடவும் செய்யும், இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஒர்க்‌ஷீட்டை ரிட்டர்னோடு அனுப்ப வேண்டாம், பத்திரமாக வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்தவர்களுக்கான தனி அரசு உதவித்தொகை) வாங்குகிறவர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எஸ்எஸ்ஐக்கு வரியே கிடையாது, 1099ம் வராது, அதனால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர், மாநில வரியில் இதர செலவுக் கழிவு இன்னும் இருக்கிறதே என்றார். இருக்கிறது. ஆனால் கலிஃபோர்னியா சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு வரியே போடுவதில்லை, வரியில்லாத வருமானத்தைச் சம்பாதித்த செலவை அங்கே கழிக்க முடியாது.

கம்பெனி இன்ஷூரன்ஸில் வாங்கிய டிசபிலிட்டி பணத்தை, இந்த நிலுவை வந்ததும் திருப்பிக் கேட்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். முன்பு அந்தப் பணத்துக்கு வரி கட்டியிருந்து, திருப்பிக் கொடுப்பது 3,000 டாலருக்கு மேல் என்றால், அதற்குத் தனியாக நிவாரணம் உண்டு. அதை மட்டும் நீங்களாகவே போடாமல் ஒரு சிபிஏ-விடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) காட்டிவிடுங்கள். மற்றவற்றுக்கு, ஐஆர்எஸ்ஸின் வீட்டா இலவச உதவி மையங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் உதவுகின்றன, 1099ஐயும் பழைய ரிட்டர்ன்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.