முன்பாதம் எடுத்த பின் நடப்பது எப்படி

விரல்களோடு முன்பாதமும் எடுக்கப்பட்டதும், பலர் சப்பாத்தின் காலி மூக்கில் பஞ்சைத் திணித்துக்கொள்கிறார்கள். சப்பாத்து சப்பிப் போகாது, அவ்வளவுதான். குதிகால் எழும்போது எடையைத் தாங்கி முன்னே கொண்டுபோவது முன்பாதம். அது இல்லாவிட்டால் எடை வெட்டுமுனையோடு நின்றுவிடும். விழாமலிருக்க மற்றக் கால் அவசரமாகத் தரையைத் தேடும். ஆகவே அடி குட்டையாவது நல்ல காலுக்குத்தான்.

சப்பாத்தின் முழு நீளத்துக்கும் மடங்காத கார்பன் தகடு, அதன் மேல் முனையை உரசாத நுரைக்கட்டை, அடியில் முன்பக்கம் வளைந்தேறும் சோல்: மூன்றும் சேர்ந்தால்தான் பயன். பாதத்தில் பாதிக்கும் குறைவாக மிஞ்சியவர்களுக்கு இதுவும் போதாது. எடையை முழங்காலுக்குக் கீழே காலின் முன்னெலும்புப் பக்கம் ஏற்கும்படி, முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் கூடு வேண்டும்.

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது குதிநார், அதாவது கெண்டைத்தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார். பாதத்தை மேலே தூக்கும் நார்கள் வெட்டோடு போயிருந்தால், அது எதிர்ப்பில்லாமல் இழுக்கும். முனை கீழே தொங்கி உள்பக்கம் திரும்பும். வெளி ஓரத்தில் காய்ப்பு விழுந்து புண்ணாகும். முழங்காலை நீட்டியபடி கணுக்கால் 90 டிகிரிக்கு வருகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வராவிட்டால் உடனே பிசியோவிடம் காட்டுங்கள். காயம் ஆறி டாக்டர் சம்மதித்த பின், சப்பாத்தோடு சுவரைப் பிடித்து, அந்தக் காலைப் பின்னே வைத்து, குதிகால் எழாமல் முன்னே சாயுங்கள்: 30 விநாடி, 3 தடவை, காலையும் மாலையும். துண்டு போட்டு இழுக்க வேண்டாம். குட்டைப் பாதத்தில் அது வழுக்கித் தழும்பை அழுத்தும்.

நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றுங்கள். முனையால் உந்தாமல், இடுப்பிலிருந்து தொடையை இழுத்துக் காலைத் தூக்குங்கள். கைத்தடி எதிர்க்கையில்.

புதுச் சப்பாத்து முதல் நாள் 1 மணி நேரம் போதும். கழற்றியபின் சிவப்பு 20 நிமிடத்தில் மறையவில்லையென்றால் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். இனிப்பு நீர் நோயால் மரத்த கால் வலித்துச் சொல்லாது. தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோயிலிலும் வெறுங்கால் வேண்டாம், வெயிலில் காய்ந்த தரை சுடுவது தெரியாது. கோயிலுக்கென்றே ஒரு சுத்தமான ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை மட்டம் மாறும். வளைந்த சோல் விளிம்பில் உருளும், குதிகால் முழுதும் உட்கார்ந்த பிறகே எடை போடுங்கள். பத்துமலையின் 272 படிகளில் ஏற நல்ல கால் முதலில், இறங்க வெட்டிய கால் முதலில். மடங்காத சப்பாத்தின் மூக்கு குறுகிய படியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியைப் பற்றிச் சற்று பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.